எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி எங்கே படிப்பது? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

போன ஜூன் மாதம் திருமங்கலத்திலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரிசல்ட் வந்த மறுநாள் அது.

"மாமா, எம்.எஸ்சி.க்கு அப்ளிகேஷன் போடணும். எது நல்ல காலேஜ்னு சொல்லுங்க."

"எந்த லேப்பையாவது போய்ப் பார்த்தியாம்மா?"

"சேர்றதுக்கு முன்னாடியே எப்படி மாமா உள்ள விடுவாங்க?"

விடுவார்கள். துறைத் தலைவரிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் விடுவார்கள். அடுத்த வாரமே அவளை மூன்று கல்லூரிகளுக்கு அழைத்துப் போனேன். பார்த்துவிட்டு வந்தபிறகு, முதலிடத்தில் வைத்திருந்த கல்லூரியை அவளே கடைசிக்குத் தள்ளினாள். அந்த அலைச்சலில் எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எஸ்சி. சேர்ந்தபோது பார்த்தது இரண்டே விஷயம்: பஸ் வசதி, கல்லூரியின் பேர். இரண்டும் நன்றாகவே இருந்தன. லேப்பில் ஒரு ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவியும் இருந்தது. அதன்மேல் கட்டம்போட்ட துணி ஒன்று போர்த்தியிருக்கும். ஆய்வுக்குழு வருகிற அன்று மட்டும் துணியை எடுப்பார்கள். இரண்டு வருடத்தில் நாங்கள் ஒரு சாம்பிள்கூட அதில் வைத்ததில்லை. படிப்பு முடிந்து ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி முன்னால் நிறுத்தி, அதில் ஓடவிடும் கரைப்பான் கலவையை, அதாவது மொபைல் ஃபேஸை, தயார் செய்யச் சொன்னார்கள். கரைப்பான்களை அளந்து கலந்துவிட்டு நின்றேன். 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகுதான் கருவிக்குள் விட வேண்டும் என்று பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் கை அதைச் செய்ததில்லை. அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை. வேலை போயிற்று.

அதனால்தான் கல்லூரியைத் தேர்வு செய்வது என்றால் லேப்பைத் தேர்வு செய்வது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எம்.எஸ்சி.க்கு அப்புறம் என்ன?

இதை முதலில் முடிவு செய்ய வேண்டும். முழுதாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பக்கம் மனம் சாய்கிறது என்று தெரிந்தால் போதும். பள்ளி ஆசிரியர் வேலை, கல்லூரி வேலை அல்லது ஆராய்ச்சி, கம்பெனி வேலை. ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டியது வேறு.

பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டும் என்றால் எம்.எஸ்சி.யோடு பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. தேர்வு எழுத வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுகிறார்கள். பட்டத்தின் பெயர் எல்லா இடத்திலும் வெறும் 'கெமிஸ்ட்ரி' என்று இருக்காது. அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி, பாலிமர் கெமிஸ்ட்ரி, அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி என்றெல்லாம் பெயர்கள் உண்டு. பாடம் நல்ல பாடமாகவே இருக்கும். ஆனால் தமிழக அரசு வேலைக்குப் போகும்போது அந்தப் பட்டம் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வில் மார்க் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள். பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும், சேருவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் அரசாணை எண்ணைக் கேட்டு, நகலைக் கையில் வாங்குங்கள். "அதெல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டும் என்றால் எம்.எஸ்சி.யில் 55 சதவீதமும், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். சில பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. பிஎச்.டி. சேர்க்கைக்கும் அதே 55தான் கோடு. ஆகவே 54.8 என்று முடிவது பெரிய இழப்பு. மதிப்பெண் போடுவதில் ஒரு கல்லூரி எவ்வளவு கறார் என்று சீனியர்களிடம் கேட்பது தப்பில்லை.

ஆராய்ச்சி ஆசை இருந்தால் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்குவதுதான் நேரான வழி. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வீட்டில் பணம் கேட்காமல் பிஎச்.டி. படிக்கலாம் என்பது நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! கெமிக்கல் சயின்சஸ் தாள் 200 மதிப்பெண்ணுக்கு. மூன்று பகுதி. ஏ பகுதியில் 20 கேள்வியில் 15-க்கும், பி பகுதியில் 40-ல் 35-க்கும், சி பகுதியில் 60-ல் 25-க்கும் பதில் எழுதினால் போதும். சி பகுதிக் கேள்விகள் மனப்பாடத்துக்கு மசியாது. ஒரு துறையில் நெட் எழுதும் சூழல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: "போன ரெண்டு வருஷத்துல உங்க கிளாஸ்ல யாரு நெட் பாஸ் பண்ணாங்க?" பெயர் சொல்லிப் பதில் வந்தால் அங்கே சூழல் இருக்கிறது.

கம்பெனி வேலை என்றால், மதுரையைச் சுற்றியே பார்க்க ஆரம்பிக்கலாம். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி டயர் தொழிற்சாலை இருக்கிறது. சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும், தூத்துக்குடியில் ரசாயன ஆலைகளும், விருதுநகர்ப் பக்கம் சிமெண்டும் இருக்கின்றன. மருந்துக் கம்பெனிகளுக்கு ஓசூர், ஐதராபாத், பெங்களூரு போக வேண்டும். அரசு பக்கம் உணவுப் பகுப்பாய்வுக் கூடமும், வட்டாரத் தடய அறிவியல் கூடமும் மதுரையிலேயே உண்டு. இவை எல்லாவற்றிலும் முதலில் கேட்பது, கருவியைத் தொட்டிருக்கிறாயா என்பதைத்தான்.

காலண்டர்

நம் ஊரில் நிறையப் பிள்ளைகள் ரிசல்ட் வந்தபிறகுதான் எம்.எஸ்சி. பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் பாதிக் கதவு சாத்தியாகிவிடும்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பது பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில், செப்டம்பர்–அக்டோபர் வாக்கில். தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். கெமிஸ்ட்ரி தாளிலேயே கொஞ்சம் கணக்கும் வரும். கால்குலஸ், மேட்ரிக்ஸ், நிகழ்தகவு எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. இந்த மதிப்பெண்ணை வைத்தே திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கும் தனிக் கவுன்சலிங் நடக்கிறது. அடுத்தது சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு இதுதான் வழி. சமீப வருடங்களில் டிசம்பர்–ஜனவரியில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு என்று நடந்து வருகிறது.

உள்ளூர்க் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் ஏப்ரல் முதல் ஜூலை வரை வெவ்வேறு தேதிகளில் அறிவிப்பார்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அந்தந்த இணையதளத்தில் தனித்தனியாக.

நீங்கள் இப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருந்து இதைப் படித்தால் உண்மையிலேயே சந்தோஷம். உங்களுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. ஜாம் எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும், அதற்குப் படித்தது எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் கைகொடுக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பி.எஸ்சி.யில் துணைப்பாடமாகக் கணக்கோ இயற்பியலோ படிக்காதவர்களை சில இடங்களில் எடுப்பதில்லை. தாவரவியல், விலங்கியல் துணைப்பாடம் படித்தவர்கள் தகுதிப் பகுதியை இரண்டு முறை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பக்கத்தில் என்னென்ன இருக்கிறது

மதுரைக்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றாலே தேனி ரோட்டில், நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-ல் காமராசர் பெயரைப் பெற்றது. பல்கலைக்கழகத் துறையில் படிப்பதில் ஒரு தனி லாபம் உண்டு. எம்.எஸ்சி. மாணவர்களும் பிஎச்.டி. ஸ்காலர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஸ்காலர் 'காலம்' குரோமடோகிராஃபியில் கலவையைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வருகிற பழக்கம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

நகருக்குள் பழைய கல்லூரிகள் இருக்கின்றன. 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1889-ன் மதுரைக் கல்லூரி, 1949-ல் கருமுத்து தியாகராசர் தெப்பக்குளத்தருகே தொடங்கிய தியாகராசர் கல்லூரி. பெண்களுக்கு 1948-ன் லேடி டோக், விளாங்குடிப் பக்கம் பாத்திமா, கோரிப்பாளையத்தில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி. கொஞ்சம் வெளியே போனால் விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராமம் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மாட்டுத்தாவணியில் ஏறினால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம்.

காரைக்குடி பற்றிக் கூட இரண்டு வரி சொல்ல வேண்டும். அங்கேதான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்கிற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். பேட்டரி, அரிமானம், மின்முலாம் என்று மின்வேதியியல் முழுக்க அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தாலும், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அங்கே முயற்சி செய்யலாம். உங்கள் துறையிலிருந்து இதற்கு முன் யாராவது போயிருக்கிறார்களா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதை போட்டிருந்தால் நடப்பது சுலபம்.

கல்லூரி விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் நாக் தரச்சான்று கிரேடையும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை எண்ணையும் பார்க்கலாம், ஆனால் அவை முழுக் கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுப்பவை. கெமிஸ்ட்ரி துறை எப்படி என்பது அதில் தெரியாது. துறைக்கென்று வருவது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.) தரும் ஃபிஸ்ட் மாதிரியான நிதி. "ஃபிஸ்ட் துறை" என்று பலகை இருந்தால், எந்த வருடம் வந்தது, அதில் என்ன கருவி வாங்கினார்கள் என்று கேளுங்கள். அப்புறம் 'தன்னாட்சி' என்ற சொல். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வைத்துக்கொள்ளும், பட்டம் பல்கலைக்கழகம் கொடுக்கும். அதனால் இரண்டு கல்லூரிகளின் எம்.எஸ்சி. பாடம் ஒன்றாக இருக்காது. இணையதளத்தில் பாடத்திட்டத்தை இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு மாலை வேலைதான்.

லேப்பைப் போய்ப் பாருங்கள்

இதைச் செய்யாமல் பணம் கட்டாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே விசாரிக்கலாம், இதற்கு மட்டும் கால் நடக்க வேண்டும்.

போகும் நேரம் முக்கியம். மதியம் இரண்டு, இரண்டரைக்குப் போங்கள், ப்ராக்டிகல் நடக்கிற நேரம் அது. கல்லூரி நடக்கும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது. பி.எஸ்சி. முடிக்கும் முன்பே, மூன்றாம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் ஒரு நாள் போனால் லேப் உயிரோடு இருக்கும். ஜூனில் போனால் காலியான மேஜைதான் தெரியும். அப்படியும் பார்க்க விஷயம் இருக்கிறது. நாங்கள் போனது ஜூனில்தான்.

முதலில் தராசு அறைக்குப் போங்கள். எலெக்ட்ரானிக் தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைப்பது. கோபால்ட் கலந்த மணிகள் உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் திரும்ப நீலமாகிவிடும், காசே செலவில்லை. நாங்கள் பார்த்த முதல் கல்லூரியில் மணிகள் வெளிறிய ரோஜா நிறத்தில், மேலே தூசி படிந்து கிடந்தன. இரண்டாவது இடத்தில் நல்ல மயில்கழுத்து நீலம். அக்கா மகள் என் கையைத் தொட்டுக் காட்டினாள். ஐந்து ரூபாய் வேலையை ஒழுங்காகச் செய்கிற துறை, ஐந்து லட்ச ரூபாய்க் கருவியையும் ஒழுங்காக வைத்திருக்கும் என்று நம்பலாம்.

அடுத்து, கருவி அறை. கருவிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் ஒரு லாக் புக் இருக்க வேண்டும். யார், என்றைக்கு, எந்த சாம்பிளை ஓட்டினார்கள் என்று எழுதுகிற நோட்டு. அதைத் திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள். பெயர்களையும் பாருங்கள். ஆசிரியர்கள், ஸ்காலர்கள் பெயர் மட்டும் இருக்கிறதா, எம்.எஸ்சி. மாணவர் பெயரும் இருக்கிறதா? யு.வி., ஐ.ஆர்., கண்டக்டிவிட்டி மீட்டர், பொட்டென்ஷியோமீட்டர், எலெக்ட்ரோகெமிக்கல் வொர்க்ஸ்டேஷன் ஆகியவற்றில் எம்.எஸ்சி. பிள்ளைகள் கை வைக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி எல்லா இடத்திலும் இருக்காது. திரவ ஹீலியமும் திரவ நைட்ரஜனும் ஊற்றிப் பராமரிக்க வேண்டிய கருவி அது, கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது. அது குறையில்லை. சாம்பிளை எங்கே அனுப்புகிறார்கள், எத்தனை நாளில் ஸ்பெக்ட்ரம் வருகிறது, அந்தக் கட்டணத்தை யார் தருகிறார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள்.

அப்புறம் இனார்கானிக் லேப். நம் பக்கத்து எம்.எஸ்சி.யில் செமி-மைக்ரோ பகுப்பாய்வு உண்டு. ஒரே கலவையில் இரண்டு சாதாரண அயனிகளும் இரண்டு அரிய அயனிகளும் இருக்கும். டங்ஸ்டன், டெல்லூரியம், மாலிப்டினம், சீரியம், தோரியம், சிர்கோனியம், வனேடியம் என்று பி.எஸ்சி.யில் தொட்டிராத பெயர்கள். அலமாரியில் அந்த உப்புகளின் குப்பிகள் இருக்கின்றனவா, அவற்றில் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விலை அதிகம் என்பதால் சில இடங்களில் நான்கைந்து அயனிகளையே சுற்றிச் சுற்றிக் கொடுத்து, பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆர்கானிக் லேப்பில் இரண்டு பொருள் கலந்த கலவையைப் பிரித்துக் கண்டுபிடிக்க வைப்பார்கள். அங்கே கலவை பிரிந்ததா என்று காட்டும் டி.எல்.சி. தட்டு, அதைப் பார்க்க 254 நானோமீட்டர் யு.வி. விளக்கு, கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

பாதுகாப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட் இருக்கும், ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை அதன் வாயருகே பிடியுங்கள். ஓடுகிற ஹுட்டாக இருந்தால் பேப்பர் உள்பக்கம் இழுபடும். சில இடங்களில் ஹுட்டுக்குள் பழைய அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பார்கள். அங்கே புரோமின் வேலை செய்யும்போது அந்தக் காற்றைச் சுவாசிக்கப் போவது நீங்கள். கண் கழுவும் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுகிறார்களா, ரப்பர் பல்ப் வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். இருபத்தைந்து வருடமாக அங்கேயே வேலை பார்க்கிற லேப் அட்டெண்டர் அண்ணன் யாராவது இருப்பார். அவரிடம் நின்று பேசுங்கள். "ஒரு பேட்ச்ல எத்தனை பேருண்ணே? ஆளுக்கு ஒரு ப்யூரெட் கிடைக்குமா, ரெண்டு பேருக்கு ஒண்ணா?" என்று கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்வார். ப்யூரெட்டை ஒருவர் பிடிக்க இன்னொருவர் வேடிக்கை பார்க்கிற லேப்பில், வேடிக்கை பார்ப்பவர் இரண்டு வருடமும் வேடிக்கைதான் பார்ப்பார்.

ப்ராஜெக்ட், கைடு

நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்ட்தான் எம்.எஸ்சி.யின் உச்சம். வேலைக்குப் போனாலும் பிஎச்.டி. இன்டர்வியூவுக்குப் போனாலும் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

துறை நூலகத்தில் பழைய ப்ராஜெக்டுகளை பைண்ட் செய்து அடுக்கியிருப்பார்கள். அனுமதி வாங்கி, ஐந்தாறை எடுத்துப் புரட்டுங்கள். தலைப்புகள் வேறு வேறாக இருந்து, உள்ளே படங்கள் ஒன்றாக இருந்தால் கவனியுங்கள். ஒரே ஐ.ஆர். ஸ்பெக்ட்ரம் இரண்டு பேர் ப்ராஜெக்டில் இருந்ததை ஒரு கல்லூரியில் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. வேலை செய்ய வசதி கொடுக்காமல், தேதிக்குள் பக்கம் மட்டும் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆசிரியர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டுப் பாருங்கள். கட்டுரை எண்ணிக்கையைவிட, கடைசி மூன்று வருடத்தில் வேலை நடக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவரிடம் வேலை செய்கிற ஸ்காலர் ஒருவரிடம் டீக்கடையில் வைத்துப் பேசுங்கள். "சார் லேப்புக்கு வருவாங்களா? கெமிக்கல் தீர்ந்தா யார் வாங்குவா? உங்க காசுல வாங்குறீங்களா?" என்று வெளிப்படையாகக் கேட்கலாம். நம்மூர்ப் பிள்ளைகள் தம்பி தங்கச்சி கேட்டால் மறைக்க மாட்டார்கள்.

முதல் வருட முடிவில் வரும் கோடை விடுமுறையையும் இப்போதே மனதில் வையுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியும் மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை செய்யலாம். அதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பிள்ளைகளை இப்படி அனுப்புகிற வழக்கம் உள்ள துறையா என்று விசாரியுங்கள்.

பணம், தூரம், மொழி

ஒரே கல்லூரியில், ஒரே கட்டடத்தில் எய்டட் (அரசு உதவி பெறும்) எம்.எஸ்சி.யும் செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) எம்.எஸ்சி.யும் நடக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். விண்ணப்பத்திலேயே எது என்று பார்த்து டிக் செய்யுங்கள். கேட்கும்போது செமஸ்டர் ஃபீஸ் மட்டும் கேட்காதீர்கள். லேப் ஃபீஸ், தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

தினமும் உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வந்து போக நினைப்பவர்களுக்கு ஒன்று: லேப் நான்கரைக்கு முடியும் என்று அட்டவணை சொல்லும். முதல் வருடம் அப்படி முடியலாம். ப்ராஜெக்ட் காலத்தில் ரியாக்ஷன் பஸ் டைம் பார்க்காது. அந்தக் கடைசி ஆறு மாதத்துக்காவது ஹாஸ்டலோ பக்கத்தில் ரூமோ எடுக்க வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் இதைப் பேசுவது கஷ்டம் என்று தெரியும். அக்காவிடம் நான்தான் பேசினேன். உங்களுக்கும் ஒரு மாமாவோ சித்தியோ டீச்சரோ இருப்பார்கள். அவர்களை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

தமிழ்வழியில் பிளஸ் டூ படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்து நல்ல இடங்களுக்கு விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். என்னோடு படித்தவர்களில் மெக்கானிசத்தை மிகத் தெளிவாகப் போடுகிறவன் தமிழ்வழியில் வந்தவன்தான். அம்புக்குறிக்கு மொழி கிடையாது. விண்ணப்பியுங்கள்.

சேருகிற நாள்

இரண்டு மூன்று இடங்களில் இடம் கிடைத்தால் பதற்றம் வரும். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்பது யு.ஜி.சி. விதி. டி.சி. மட்டும் கொடுத்தாக வேண்டியிருக்கும். அதையும், பத்தாம் வகுப்பு முதல் சாதிச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும், கொடுக்கும் முன் ஐந்து நகல் எடுத்து ஸ்கேன் செய்து வையுங்கள். வேறு இடம் கிடைத்து விலகினால் கட்டிய பணம் திரும்ப வரும் என்பதும் யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட விதியில் இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு செயல்முறைக் கட்டணம் போக முழுத் தொகை, அதற்குப் பிறகு கடைசித் தேதி வரைக்கும் 90 சதவீதம், அது முடிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அதனால் விலகுவதென்றால் அன்றைக்கே கடிதம் எழுதி, அலுவலகத்தில் சீல் வைத்து நகல் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

சேர்ந்த வாரத்திலேயே லேப் கோட் தைத்துவிடுங்கள். ரெடிமேடில் கிடைப்பது பெரும்பாலும் டெரிகாட்டன் அல்லது பாலியஸ்டர், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். சுத்தப் பருத்தித் துணி எடுத்து, முழுக்கை வைத்து, முழங்காலைத் தொடுகிற நீளத்துக்குத் தைக்கச் சொல்லுங்கள். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர்களிடம் கொடுத்தால் சீக்கிரம் தைத்துத் தருவார்கள். கூடவே பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும், பிப்பெட்டுக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் பல்பும், மூடிய செருப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா மகள் தன் கோட்டின் பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். எந்தக் கருவியை என்றைக்கு முதன்முதலில் தானே ஓட்டினாள் என்று அதில் தேதி போட்டு எழுதுகிறாள். போன வாரம் பார்த்தபோது நான்காவது பெயர் ஏறியிருந்தது.